அடைப்புக்குறிக்குள் ஒரு டிரம்மர்

அன்புள்ள தம்பிக்கு,

பிளாக் சபாத் இசைக்குழு பற்றி நீங்கள் எழுதிய 'சாத்தானின் நான்கு தூதர்கள்' கட்டுரையை மூன்று முறை படித்தேன். முதல் முறை பேருந்தில். இரண்டாம் முறை வீட்டில், பாட்டுகளைப் போட்டுக் கேட்டுக்கொண்டே. மூன்றாம் முறை கையில் பென்சிலோடு உட்கார்ந்தேன். பதினோரு பக்கத்தில் கிட்டார்காரர் டோனி அயோமியின் பெயர் முப்பத்தேழு இடத்தில் வருகிறது. பாடகர் ஆஸி ஆஸ்போர்னுக்கு நாற்பத்தொன்று. பேஸ் வாசிக்கும் கீஸர் பட்லருக்கு ஒன்பது. பில் வார்டுக்கு ஒன்றே ஒன்று. அதுவும் அடைப்புக்குறிக்குள்: '(டிரம்ஸ்: பில் வார்டு)'. கல்யாணப் பத்திரிகையில் மைக்செட் உபயம் போடுகிறவனுக்குக்கூட இதைவிடப் பெரிய எழுத்து கிடைக்கும்.

நமக்குள் முன்னுரை வேண்டாம். பர்மிங்காம், ஆஸ்டன், 1970 பிப்ரவரி 13 வெள்ளிக்கிழமை வந்த முதல் ஆல்பம், எட்டு ஆல்பங்களுக்குப் பிறகு ஆஸியை அனுப்பியது, அவர் இடத்துக்கு ரோனி ஜேம்ஸ் டியோ வந்தது, பிரிந்தது, சேர்ந்தது எல்லாம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தேதிகளில் ஒரு பிழைகூட நான் காணவில்லை. இந்தக் காலத்தில் அது சின்ன விஷயமில்லை. என்னை உறுத்துவது இரண்டு. ஒன்று சாத்தான், இன்னொன்று டிரம்ஸ். சாத்தானைச் சீக்கிரம் முடித்து அனுப்பிவிடுகிறேன்.

முதல் ஆல்பத்தின் முதல் பாட்டில் வரும் அந்த மூன்று சுரத்தை 'இடைக்காலத் திருச்சபை தடைசெய்த சுரம், பாடியவன் தண்டனைக்கு ஆளானான்' என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் எழுதுகிறார்கள், நீங்களும் எழுதிவிட்டீர்கள். அப்படி ஒரு தடைக்கு ஆதாரம் கிடையாது தம்பி. பாடக் கரடுமுரடாக இருக்கிறது என்று பழைய இலக்கணக்காரர்கள் அந்த இடைவெளியைத் தவிர்த்தார்கள். 'இசையில் பிசாசு' என்ற லத்தீன் பட்டப்பெயரே 18ஆம் நூற்றாண்டுப் புத்தகங்களில்தான் தலைகாட்டுகிறது. அயோமிக்கு அது எந்தப் பிசாசிடமிருந்தும் வரவில்லை. பட்லருக்கு ஆங்கில இசையமைப்பாளர் ஹோல்ஸ்டின் 'செவ்வாய்' மேல் பைத்தியம். ஒரு நாள் ஒத்திகையில் அதை பேஸில் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் அயோமி இந்த மூன்று சுரத்தோடு வந்தார். அவ்வளவுதான் கதை.

நீங்கள் சங்கீதம் கற்ற வீட்டுப் பிள்ளை என்று கட்டுரையின் நாலு இடம் சொல்கிறது. அப்படியிருக்க, அந்த மூன்றாவது சுரம் நம்முடைய பிரதி மத்யமம் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா? சட்ஜம், மேல் சட்ஜம், இறங்கி வந்து பிரதி மத்யமம். எழுபத்திரண்டு மேளத்தில் பின்பாதி முப்பத்தாறும் அந்தச் சுரத்தை வைத்துத்தான் பிழைக்கின்றன. கல்யாணி பாடுகிற வீட்டிலெல்லாம் சாத்தானா குடியிருக்கிறான்? பயம் சுரத்தில் இல்லை, அதை நிறுத்தி வைத்த இடத்தில் இருக்கிறது. கல்யாணியில் அந்த மத்யமத்துக்குப் பக்கத்திலேயே பஞ்சமம் காத்திருக்கிறது, ஏறிப் போய் உட்கார்ந்துகொள்ளலாம். அயோமியின் மத்யமம் பஞ்சமத்தில் போய் அமராமல் நின்ற இடத்திலேயே நடுங்குகிறது. இதை எழுத ஆங்கிலத்தில் ஆளில்லை. நீங்கள் எழுதியிருக்கலாம். அதை விட்டுவிட்டு இணையத்தில் கிடக்கும் பழைய சாம்பிராணிப் புகையையே மறுபடி போட்டிருக்கிறீர்கள்.

பாட்டு வரிகள் பெரும்பாலும் பட்லருடையவை. அவர் ஐரிஷ் கத்தோலிக்க வீட்டுப் பையன். 'பாரனாய்டு' ஆல்பத்தை இன்னொரு முறை வரிகளோடு கேளுங்கள். போருக்கு ஏழைப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தாங்கள் ஒதுங்கிக்கொள்ளும் பெரிய மனிதர்கள், அணுகுண்டு, போதை ஊசியோடு திரும்பிய சிப்பாய்கள். குழுவின் பேய்ப் பெயர் ஒத்திகை இடத்துக்கு எதிர்க் கொட்டகையில் ஓடிய போரிஸ் கார்லோஃப் படத்திலிருந்து எடுத்தது. பயப்படுவதற்குக் காசு கொடுத்து வரிசையில் நிற்கிறார்களே என்ற வியாபார யோசனைதான் அதில் இருந்தது. சாத்தான் விஷயம் இத்துடன் முடிந்தது.

இனி டிரம்ஸ்.

'அயர்ன் மேன்' பாட்டை 'கிட்டாரின் கர்ஜனையோடு தொடங்கும்' என்கிறீர்கள். இல்லை. அது கால் டிரம்மில் தொடங்குகிறது. இருட்டில் யாரோ படியேறி வருவதுபோல் 'தொம், தொம்' என்று விழுகிறதே, அது வார்டின் கால். கிட்டார் அதற்குப் பிறகுதான் வளைந்துகொண்டு வருகிறது. உங்கள் கட்டுரையில் மூன்று பத்தி பிடித்திருக்கும் 'வார் பிக்ஸ்' பாட்டையும் பாருங்கள். சரணத்தில் கிட்டாரும் பேஸும் இரண்டு வெட்டு வெட்டிவிட்டு வாயை மூடிக்கொள்கின்றன. ஆஸி தனியாகப் பாடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தனியாகவா? கூடவே ஹை-ஹாட் தட்டு 'ட்சி, ட்சி' என்று ஓடிக்கொண்டே இருக்கிறதே. அந்த ஒன்று இல்லாவிட்டால் ஆஸி மொட்டை மாடியில் நின்று கத்துகிற ஆள். ஏறக்குறைய எட்டு நிமிடப் பாட்டைக் கூரை விழாமல் தாங்குவது அந்தத் தட்டுதான்.

நான் ஏன் இவ்வளவு சூடாகிறேன் என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது. நீங்கள் செய்ததை நான் உங்களுக்கு முன்னாலேயே, இதைவிட மோசமாகச் செய்தவன்.

1980களின் தொடக்கம். நான் கோவை கணபதியில் ஒரு பட்டறையில் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். தகடு வெட்டுவது, வளைப்பது. சம்பள நாளில் டவுன்ஹாலுக்குப் போய், பாட்டுப் பதிந்து தரும் கடையில் கேசட் எழுதக் கொடுப்பேன். கடைக்காரரின் மைத்துனர் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த இசைத்தட்டுகளில் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' இருந்தது. அறுபது நிமிடக் கேசட்டில் அந்த ஆல்பம் போக மீதி இடத்தில் 'பாரனாய்டு' ஆல்பத்திலிருந்து நாலு பாட்டு. என்னிடம் இருந்த டேப் ரெக்கார்டரில் பெல்ட் தொய்ந்து போயிருந்தது. அது எனக்குத் தெரியாது. அயோமி 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் பல பாட்டுக்குக் கிட்டார் தந்தியை ஏற்கெனவே மூன்று அரைச்சுரம் இறக்கிக் கட்டியிருந்தார். என் பெட்டி அதற்கும் கீழே இழுத்துக்கொண்டு போனது. உலகத்திலேயே மிகத் தாழ்ந்த சுருதியில், மிகத் தாமதமாக வாசிப்பவர்கள் இவர்கள்தான் என்று முடிவுகட்டி, ஒரு சிற்றிதழில் ஆறு பக்கம் எழுதினேன். 'யானை நடை' என்று தலைப்பு. பத்து வருடம் கழித்து சி.டி.யில் கேட்டபோது வேறு ஏதோ குழுவை மாற்றி வைத்துவிட்டார்களோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். அத்தனை துள்ளல்! அந்த ஆறு பக்கத்தில் டிரம்ஸ் பற்றி ஒரு பத்தி இருந்தது. இடமில்லை என்று ஆசிரியர் அதை எடுத்துவிட்டார். எனக்கு வருத்தம்கூட வரவில்லை. அதைத்தான் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. என்னைச் சொல்கிறேன்.

அயோமியின் விரல் பற்றி நீங்கள் எழுதிய பகுதிக்கும் ஒரு குறை சொல்லியாக வேண்டும். 'விதி தன் கத்தியை இறக்கியது' என்கிறீர்கள். பிரஸ்ஸில் விரல் போவது விதியால் அல்ல. பதினேழு வயது அயோமி ஒரு தகட்டுத் தொழிற்சாலையில் வெல்டர். பிரஸ் ஓட்டுகிறவர் அன்றைக்கு வரவில்லை. அதனால் இவரை அந்த மெஷினில் நிறுத்தினார்கள். அது வேலையை விட்டுவிட்டு இசைக்குழுவோடு போவதாக இருந்த கடைசி நாள். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை என்றார். தொடங்கியதை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அம்மாதான் அனுப்பினார். வலது கையின் நடுவிரலும் மோதிர விரலும் நுனி போயின. இடக்கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்தும் கை அதுதான். பழகாத ஆளை ஒரு நாளுக்கு என்று மெஷினில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று பிரஸ் ஓட்டியவர்களுக்குத் தெரியும். எங்கள் பட்டறையிலும் ஒரு பையனுக்கு அப்படித்தான் போனது. மறுநாள் ரத்தம் கழுவின தரையில் நின்று நான் அதே மெஷினை ஓட்டினேன். 'விதி' என்று எழுதும்போது அவரை மெஷினில் நிறுத்திய மேஸ்திரி தப்பித்துவிடுகிறான், தம்பி.

அந்த விரல் கதையை நான் ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகையில் படித்த அன்று, எங்கள் தெருவில் குடியிருந்த தவில்காரரிடம் போய்ச் சொன்னேன். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவ பாட்டிலை உருக்கி, உருட்டி, தேய்த்து, விரலுக்குத் தொப்பி செய்துகொண்டாராம் என்றேன். நான் எதிர்பார்த்தது ஆச்சரியம். அவர் மடியில் கிடந்த விரல்கூடுகளைப் பார்த்தார். துணியும் பசையும் சுற்றிச் சுற்றிக் காயவைத்து, கல் மாதிரி இறுகின கூடுகள். தவில்காரர்களின் வலது கையில் இருப்பவை. “பிளாஸ்டிக்கா? வேர்வைக்கு வழுக்குமேப்பா” என்றார். அப்போதுதான் மீதிக் கதையைச் சொன்னேன்: ஆமாம், வழுக்கியதாம், பழைய தோல் சட்டையிலிருந்து துண்டு வெட்டி மேலே ஒட்டினாராம். “அப்படிச் சொல்லு” என்று தலையாட்டினார்.

பிறகு கேசட்டைப் போடச் சொன்னார். என் தொய்ந்த பெட்டியில் 'வார் பிக்ஸ்'. கண்ணை மூடிக் கேட்டார். கிட்டார் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “இந்தக் கொட்டுக்காரன் ஆருப்பா?” என்றார். “காலப்பிரமாணம் ஓடுது, நிக்குது, மறுக்காவும் ஓடுது. கச்சேரீல நாங்க இப்படிப் பண்ணுனா நாயனக்காரர் திரும்பிப் பாப்பாரு. இங்க மூணு பேரும் இவம் பின்னால வர்றாங்களே?” தொடையில் தட்டிக் காட்டினார். நான்கு நான்காக எண்ணிக்கொண்டிருந்த பாட்டுக்குள் மூன்று மூன்றாக ஒன்று ஒளிந்து நடந்தது. அன்றைக்குத்தான் நான் பில் வார்டைக் கேட்டேன். என் கட்டுரை அச்சாகி ஏழு மாதம் ஆகியிருந்தது.

அமெரிக்காவில் இதற்கு ஸ்விங் என்று பேர். இரண்டு தட்டை சமமாகப் பிரிக்காமல் முதலாவதை நீட்டி, இரண்டாவதைச் சுருக்குவது. சதுஸ்ர நடை போலக் காட்டிக்கொண்டு உள்ளே திஸ்ரத்தில் சாய்வது. வார்ட் வளர்ந்த வீட்டில் ஓடியது 1940களின் ஜாஸ். அவருக்கு மானசீக குரு ஜாஸ் டிரம்மர் ஜீன் க்ரூபா, ராக் டிரம்மர் யாரும் இல்லை. 'விக்கட் வேர்ல்டு' பாட்டின் தொடக்கத்தைக் கேளுங்கள், ஒரு ஜாஸ் கிளப்பின் கதவைத் திறந்தது மாதிரி இருக்கும். 'ஃபேரீஸ் வேர் பூட்ஸ்' தோளை ஆட்டாமல் கேட்க முடியாது. மேலே அயோமி இரும்பு உருக்கி ஊற்றுகிறார், கீழே ஒருவர் ஆடிக்கொண்டிருக்கிறார். சபாத்தின் கனம் அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் உரசலில் இருக்கிறது. இரும்பு மட்டும் இருந்திருந்தால் அது வெறும் சத்தம்.

இங்கிருந்து உங்கள் ஒன்பதாம் பக்கத்துக்கு வருகிறேன். 'நீடித்த தாக்கம்' என்று துணைத்தலைப்புப் போட்டு இருபத்தாறு குழுக்களின் பெயரை வரிசையாக அடுக்கியிருக்கிறீர்கள். மெட்டாலிகா, சவுண்ட்கார்டன், மெல்வின்ஸ், ஸ்லீப்... பந்தியில் இலை எண்ணுகிறவன் மாதிரி. யார் வந்தார்கள் என்று தெரிகிறது. என்ன சாப்பிட்டார்கள், எதை இலையில் ஒதுக்கிவிட்டு எழுந்தார்கள் என்று தெரியவில்லை. ஒரு குழுவின் தாக்கம் என்பது எடுத்துக்கொண்டதன் பட்டியலோடு முடியாது. விட்டுப்போனதன் கணக்கையும் எழுத வேண்டும். எனக்கு இதில் ஒரு வெறி உண்டு, ஒப்புக்கொள்கிறேன். என் மனைவி இதை 'டிரம் நோய்' என்பாள்.

சபாத்திடமிருந்து எடுத்துச் செல்ல எளிதானது தாழ்ந்த சுருதி. தந்தியைத் தளர்த்தினால் வந்துவிடும். அயோமி தளர்த்தியது காயம்பட்ட விரலுக்கு அழுத்தம் குறையட்டும் என்றும்தான். பின்னால் வந்தவர்கள் பத்து விரலும் நன்றாக இருந்தும் தளர்த்தினார்கள். அதில் தவறில்லை, வழக்கங்கள் அப்படித்தான் பிறக்கின்றன. கனத்த கிட்டார் வரியையும் எடுத்துக்கொள்ளலாம், பதினைந்து வயதுப் பையன் ஒரு சாயங்காலத்தில் 'அயர்ன் மேன்' கற்றுக்கொள்வான். ஆனால் வார்டின் சாய்வை எப்படி எடுத்துச் செல்வது? 70களின் கடைசியில் அதே பர்மிங்காம் பக்கத்து ஜூடாஸ் ப்ரீஸ்ட், இந்த இசையிலிருந்து ப்ளூஸைக் கழுவி எடுத்து நேராக்கினார்கள். 80களில் வேகம் ஏறியது. வேகம் ஏற ஏற நீண்ட தட்டும் குறுகிய தட்டும் நெருங்கி வந்து சமமாகிவிடும், அது உடம்பின் கணக்கு. பிறகு பதிவுக்கூடத்தில் காதில் 'டிக் டிக்' ஓட்டிக்கொண்டு வாசிக்கிற வழக்கம் வந்தது. ஓடி நின்று ஓடுகிறவனுக்கு அங்கே வேலை இல்லை. மெதுவாக வாசிக்கிறவர்களில் சிலர் கொஞ்சம் காப்பாற்றி வைத்தார்கள். மற்றபடி மெட்டல் என்ற பெரிய வீடு முழுக்க அயோமியின் படம் மாட்டியிருக்கிறது, வார்டின் நாற்காலி திண்ணைக்குப் போய்விட்டது.

என் கட்சிக்கு ஒரு சாட்சி வைத்திருக்கிறேன். இதை யாரிடமும் சொல்லாமல் ஒரு கட்டுரைக்காகப் பொத்தி வைத்திருந்தேன், உங்களுக்குத் தருகிறேன். 1986இல் பீஸ்டி பாய்ஸ் என்ற நியூயார்க் ராப் குழுவின் முதல் ஆல்பம் வந்தது. தயாரித்தவர் ரிக் ரூபின். அதன் முதல் பாட்டில் கிட்டார் சபாத்தின் 'ஸ்வீட் லீஃப்'. டிரம்ஸ் யாருடையது? லெட் ஸெப்பலினின் ஜான் பொனம். அவரும் பர்மிங்காம் பக்கத்துக்காரர்தான், அயோமியின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழராக நின்றவர். கிட்டாரை இவரிடம், தாளத்தை வேறொருவரிடம் வெட்டி ஒட்டினார்கள். இருபத்தேழு வருடம் தள்ளி, 2013இல் ஆஸியோடு சபாத் மறுபடி ஓர் ஆல்பம் கொண்டுவந்தது. பெயர் '13'. தயாரிப்பாளர் அதே ரிக் ரூபின். டிரம்ஸ்? ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின் குழுவின் பிராட் வில்க். மறுபடி சேர்வதை 2011 நவம்பர் 11 அன்று நால்வரும் ஒன்றாக நின்று அறிவித்தார்கள். அடுத்த பிப்ரவரியில், தனக்குத் தந்த ஒப்பந்தம் கையெழுத்துப் போடக்கூடியதாக இல்லை என்று வார்ட் விலகி நின்றார். அதன் நியாயம் அநியாயத்துக்குள் நான் போகவில்லை. 'நாற்பத்துமூன்று வருடத்துக்குப் பிறகு பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவில் முதல் முறையாக முதலிடம்' என்று நீங்கள் கொண்டாடிய அந்த ஆல்பத்தில், நீங்கள் எழுதிய 'நான்கு தூதர்கள்' மூன்று பேர்தான். கட்டுரையில் அது இல்லை.

இன்னொன்று சொல்லிவிட்டு இந்தக் குதிரையிலிருந்து இறங்கிவிடுகிறேன். 1972இன் 'வால்யூம் 4' ஆல்பத்தில் 'சேஞ்சஸ்' என்று ஒரு பாட்டு. வார்டின் கல்யாணம் முறிந்த நேரம், அந்தத் துக்கத்தை வைத்து எழுதியது. அயோமி பியானோ வாசிக்கிறார், பட்லர் மெல்லோட்ரான், ஆஸி பாடுகிறார். டிரம்ஸ் கிடையாது. டிரம்மரின் துக்கத்தைப் பற்றிய பாட்டில் டிரம்ஸ் இல்லை! உங்கள் பட்டியலில் இருக்கிற இருபத்தாறு பேரும் அங்கே போகவில்லை. போனவர் யார்? சார்லஸ் பிராட்லி என்ற கறுப்பினப் பாடகர். வாழ்நாளில் பெரும்பகுதி சமையல்காரராக வேலை பார்த்துவிட்டு அறுபது வயதுக்குப் பிறகு பேர் வாங்கிய ஆள். தன் தாயை இழந்த துக்கத்தோடு அந்தப் பாட்டைப் பாடினார். கேட்டுப் பாருங்கள். தாக்கம் சில நேரம் சொந்த ஜாதி விட்டு ஜாதி தாண்டிப் போய்த்தான் பிழைக்கிறது. மெட்டல்காரர்கள் பெயரை அடுக்கிய பக்கத்தில் இவருக்கு ஒரு வரி கொடுத்திருந்தால் அந்தப் பக்கம் முழுக்க நிமிர்ந்திருக்கும்.

சரி, திட்டியது போதும். உங்கள் ஆறாம் பக்கம் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடித்தால் நான் அயோக்கியன்.

குழுவினர் கழுத்தில் தொங்கிய சிலுவைகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பத்தி. ஆஸியின் அப்பா டூல்மேக்கர். மகனுக்கும் மகனின் கூட்டாளிகளுக்கும் ஆளுக்கொன்றாக அலுமினியத்தில் சிலுவை செய்துகொடுத்தார். பிசாசுக் குழு என்று ஊரே பேசிய நாளில், ராத்திரி ஷிஃப்ட் பார்க்கும் ஒரு தகப்பன் பிள்ளைக்குக் காவலாக என்ன செய்ய முடியுமோ, தன் தொழில் கையால் செய்துகொடுத்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்காமல் அடுத்த பத்திக்குப் போய்விட்டீர்கள். நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றேன். எங்கப்பாவும் லேத்துக்காரர். நான் இந்தக் குழுவைப் பற்றி நாற்பது வருடமாக எழுதுகிறேன். சிலுவைத் தகவல் எனக்கும் தெரியும். அந்தத் தகப்பனை நான் பார்க்கவே இல்லை. நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பொறாமையாக இருக்கிறது. ஒழிந்து போகட்டும், சந்தோஷமாகவும் இருக்கிறது.

அந்தக் கண் உங்களிடம் இருப்பதால்தான் அடைப்புக்குறி எனக்கு இவ்வளவு எரிச்சல் மூட்டுகிறது. இல்லாதவனுக்குக் கடிதம் எழுதி என்ன பிரயோஜனம்?

இன்றைக்குப் பர்மிங்காம் ஊரே அவர்களைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது என்ற உங்கள் இறுதிப் பகுதி நன்றாகவே இருக்கிறது. பிராட் ஸ்ட்ரீட்டில் அவர்கள் பெயரில் பாலம், பாலத்தில் நால்வர் முகமும் பதித்த பெஞ்சு, 2023இல் பர்மிங்காம் ராயல் பாலே அவர்கள் இசைக்கு ஆடிய நாட்டியம், நியூ ஸ்ட்ரீட் ரயில் நிலையத்தில் ஆஸி என்று பெயர் வைத்த இயந்திரக் காளை. ஒரு சிறு குறிப்பு மட்டும். 1970இல் முதல் ஆல்பத்தை ரோலிங் ஸ்டோனில் கிழித்துப்போட்ட விமர்சகர் லெஸ்டர் பேங்ஸ், இரண்டே வருடத்தில் வேறொரு பத்திரிகையில் இதே குழுவை மரியாதையோடு நீளமாக எழுதினார். நீங்கள் அவரை வில்லனாகவே விட்டுவிட்டீர்கள். மாற்றி எழுதத் துணிந்தவனுக்கு அந்த இரண்டாவது பாதியையும் கொடுங்கள். எனக்கும் அது தேவைப்படுகிறது.

2025 ஜூலை 5 அன்று வில்லா பார்க்கில் நடந்த சபாத்தின் கடைசிக் கச்சேரியை நானும் பார்த்தேன். மகன் பணம் கட்டி, ராத்திரி முழுக்க முழித்திருந்து போட்டுக்காட்டினான். அவர்கள் வளர்ந்த அதே ஆஸ்டனில், ஆஸி சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடி பாடினார், எழ முடியவில்லை. சபாத்தாக நான்கே பாட்டு. பதினேழு நாளில் அவர் போய்விட்டார். நீங்கள் அந்தச் சிம்மாசனத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள், கண் கலங்கத்தான் செய்தது. ஆனால் இருபது வருடத்துக்குப் பிறகு நால்வரும் ஒரே மேடையில் சேர்ந்த ராத்திரி அது. யார் வந்ததால் நால்வர் ஆனார்கள்? எழுபத்தேழு வயதில் வார்ட் பின்னால் உட்கார்ந்திருந்தார். முதல் பாட்டு 'வார் பிக்ஸ்'. கிட்டார் இரண்டு வெட்டு வெட்டி நின்றது. கூட்டம் முழுக்க ஆஸிக்குச் சேர்ந்து பாடியது. நான் டிவியின் சத்தத்தைக் கூட்டச் சொல்லிவிட்டுத் தட்டை மட்டும் தேடினேன். பழைய வேகம் இல்லை. ஆனால் ஓடிக்கொண்டிருந்தது. 1979இல் ஆஸியை நீக்கிய செய்தியை அவரிடம் போய்ச் சொல்லும்படி மற்றவர்கள் அனுப்பியது இந்த மனிதரைத்தான். நாற்பத்தாறு வருடம் கழித்து அதே ஆளின் கடைசிப் பாட்டுக்குப் பின்பாட்டாகத் தட்டிக்கொண்டிருந்தார். உங்கள் ஆறாம் பக்கத்தை எழுதிய கைக்கு இது கிடைத்திருக்க வேண்டும்.

நீங்கள் இதைப் புத்தகமாக விரிக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். செய்யுங்கள். சாத்தானை அட்டையிலிருந்து எடுத்துவிடுங்கள், விற்பனை குறைந்தால் என்னைத் திட்டிக்கொள்ளுங்கள். இருபத்தாறு பெயரில் இருபத்திரண்டை அடித்துவிட்டு, மிஞ்சும் நாலு பேரும் எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று ஆளுக்கு மூன்று பக்கம் எழுதுங்கள். அதற்கு முன் ஒரு மாதம் கிட்டாரைக் கேட்காதீர்கள். கேட்காமல் இருப்பது கஷ்டம், தெரியும். தட்டை மட்டும் பிடித்துக்கொண்டு எட்டு ஆல்பத்தையும் ஒரு சுற்று வாருங்கள். கோவைப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். தவில்காரர் இப்போது இல்லை. அவர் பேரன் தவில் வாசிக்கிறான், காதில் சபாத் இல்லை, வேறு ஏதோ கொரிய மொழிப் பாட்டு ஓடுகிறது. அவனையும் உட்காரவைத்து 'வார் பிக்ஸ்' போடுவோம். என்ன சொல்கிறான் பார்க்கலாம்.

அன்புடன்,
உங்கள் மூத்த வாசகன்

பி.கு.: அவர் பெயர் வார்ட். நீங்கள் 'வார்டு' என்று எழுதியிருக்கிறீர்கள், ஆஸ்பத்திரியில் படுக்கை தேடுகிறாற்போல இருக்கிறது. ஆனால் தமிழ் அவருக்கு ஓர் உபகாரம் செய்திருக்கிறது. வார்டின் கால், வார்டுக்குக் கிடைத்த ஒப்பந்தம், வார்டோடு போன தாளம் என்று வேற்றுமை உருபு சேர்ந்தால் நீங்கள் எழுதுவதும் நான் எழுதுவதும் ஒன்றாகிவிடுகிறது. அடைப்புக்குறிக்குள் தனியாக நிற்கும்போதுதான் பிழை தெரிகிறது. ஆகவே அவரை வாக்கியத்துக்குள் கொண்டுவாருங்கள்.